கேரட்டை நக்கிப் பார்த்தாள்

ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஆறு வாரம் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தி முடித்திருந்தேன். கடைசி நாளில் பட அட்டைகளைக் கொடுத்து, தினமும் சாப்பிட வேண்டியதை ஒரு பக்கமும் எப்போதாவது சாப்பிடுவதை மறுபக்கமும் வைக்கச் சொன்னேன். அநேகமாக எல்லாருமே சரியாகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அரை மணி நேரம் கழித்துச் சாப்பாட்டு இடைவேளை. கேரட் அட்டையை முதல் ஆளாகச் சரியான பக்கம் வைத்த சிறுமி, தட்டில் இருந்த கேரட் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடலையா கண்ணு?"

"நல்லதுதான் மிஸ். ஆனா எனக்கு வேண்டாம்."

அன்று முழுக்க அந்தப் பதில்தான் மனதில் ஓடியது. நான் சோதித்தது அவளுடைய நினைவாற்றலை. அவள் சாப்பிடும் விதம் மாறியதா என்று நான் பார்க்கவே இல்லை.

இந்த வயதில் கேள்வி கேட்டு அளப்பது சிரமம். "உனக்குக் கேரட் பிடிக்குமா?" என்றால், மிஸ் முகத்தைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டும் குழந்தைகள் நிறையப் பேர். சிரித்த முகம், அழும் முகம் படங்களைக் காட்டினாலும் பாதிப் பேர் சிரித்த முகத்தைத்தான் தொடுகிறார்கள், அது அழகாக இருக்கிறது என்பதற்காகவே. நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், ஏழெட்டு வயதுக்கு முன்னால் நம்பகமான பதில் கிடைப்பது கடினம்.

அதனால் அடுத்த தடவை தராசை எடுத்தேன். பாடம் தொடங்கும் முன்பே ஒரு வாரம், பரிமாறியதையும் மிஞ்சியதையும் நிறுத்துக் குறித்தேன். பாடம் நடக்காத பக்கத்து வகுப்பிலும் அதையே செய்யச் சொன்னேன். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால், வந்த மாற்றம் பாடத்தால் வந்ததா, வளர்ந்ததால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? ஆனால் தராசும் ஏமாறும். ஒரு பையன் தன் பங்கைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிட்டுக் காலித் தட்டைக் காட்டினான்.

அப்புறம்தான் கூடவே உட்கார்ந்து குறிக்க ஆரம்பித்தேன்: தொட்டானா, முகர்ந்தானா, நக்கினானா, கடித்துத் துப்பினானா, விழுங்கினானா. எனக்கு மிகவும் பயன்பட்ட தாள் இதுதான். லீயான் பர்ச்சும் டயான் மார்லினும் 1982-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகள் அதிக முறை ருசித்த புதிய உணவையே அதிகம் விரும்பினார்கள். அதாவது, நக்கிப் பார்ப்பதுகூட ஒரு முன்னேற்றம்தான். விழுங்கியதை மட்டும் எண்ணினால் அது கணக்கிலேயே வராது.

ஸ்டிக்கர் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். பரிசுக்காகக் குடிக்க வைத்த பானம் குழந்தைகளுக்கு முன்பைவிடப் பிடிக்காமல் போனதாக பர்ச் குழுவினரின் 1984 ஆய்வு காட்டியது. ஸ்டிக்கர் இருந்தால் அளவும் கெட்டுவிடுகிறது. அவர்கள் சாப்பிடுவது கேரட்டுக்காகவா, ஸ்டிக்கருக்காகவா என்று தெரியாது.

பாடம் முடிந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை நிறுக்கப்போகிறேன். மறுநாளே கிடைக்கும் நல்ல முடிவை நான் இனி நம்புவதாக இல்லை.

நேற்று அந்தச் சிறுமி ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். முகர்ந்தாள். நாக்கு நுனியால் தொட்டுவிட்டு ஓரத்தில் வைத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. 'நக்கினாள்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன், அவள் பெயருக்கு நேரே முதல் கோடு.