நட்டாலம் முதல் கோட்டாறு வரை: புனித தேவசகாயம் வழியில் இரண்டு நாள்

புனிதர் என்றதும் அங்கியும் செபமாலையும் துறவு மடமும் நினைவுக்கு வந்து பழகிய நமக்கு, தேவசகாயம் சற்றே புதியவர். அவர் குருவும் இல்லை, துறவியும் இல்லை. மனைவியோடு குடும்பம் நடத்தி, திருவிதாங்கூர் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். 1712 ஏப்ரல் 23 அன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749 பிப்ரவரி 23 அன்று கைதானார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிறிஸ்தவராக அவர் வாழ்ந்தது ஏழு ஆண்டுகூட நிறையவில்லை, அதிலும் கடைசி மூன்று ஆண்டு ஏறக்குறைய முழுவதும் காவலில். 2012 டிசம்பர் 2 அன்று அருளாளராகவும், 2022 மே 15 அன்று புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர்தான்.

இந்த யாத்திரைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் காற்றாடிமலை, கோட்டாறு கல்லறை ஆகிய இரண்டையும் அரை நாளில் முடித்துக்கொண்டு கன்னியாகுமரிக்குச் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போய்விடுகிறார்கள். சாவையும் சமாதியையும் மட்டும் பார்த்தால், ஒரு அரண்மனை ஊழியர் எப்படி அந்த மலை வரை வந்து சேர்ந்தார் என்பது பிடிபடாது. இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் நட்டாலம், பத்மநாபபுரம், புலியூர்குறிச்சி, பெருவிளை. இரவு நாகர்கோவிலில் தங்கல். இரண்டாம் நாள் வடக்கன்குளம், ஆரல்வாய்மொழி, கடைசியாகக் கோட்டாறு. வாழ்க்கை வரிசையில் வடக்கன்குளம் மட்டும் இடம் மாறி நிற்கும்: திருமுழுக்குப் பெற்ற ஊரைப் பார்க்கும் முன்பே சித்திரவதைப் பாறையைப் பார்த்துவிடுவீர்கள். அதைச் சரிசெய்யப் புறப்பட்டால் மேற்கும் கிழக்குமாக அலைந்து ஒரு நாள் கூடுதலாகும்.

கையில் எடுத்துப் போக வேண்டியது யோபு ஆகமம். வயலும் கால்நடையும் நஷ்டப்பட்டு மனம் நொந்திருந்த நீலகண்டனுக்கு, டிலனாய் சொன்னது யோபுவின் கதையைத்தான். குளச்சல் போரில் 1741-ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மரின் படையிடம் பிடிபட்டு, பிறகு அதே படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனி அதிகாரி அவர். யோபு ஆகமத்தில் மொத்தம் 42 அதிகாரங்கள். முதல் இரண்டையும் நட்டாலத்தில் வாசியுங்கள். 38 முதல் 42 வரை மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள வாக்குவாதங்களை வண்டியில் சத்தமாக வாசித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு அதிகாரமாகப் பிரித்துக் கொடுத்து அவரவர் மனதுக்குள் வாசிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

நட்டாலம் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். ரயிலில் வருபவர்களுக்குப் பள்ளியாடி நிலையம் அருகில், ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது. ஊரில் தேவசகாயம் நினைவிடமும் உண்டு, சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியே தரிசிக்கும் ஓட்டக்காரர்கள் ‘கோபாலா கோவிந்தா’ என்று முழக்கமிட்டுக்கொண்டு வந்து சேரும் பன்னிரண்டாம் சிவாலயமும் உண்டு. மகா சிவராத்திரியை ஒட்டி இந்த வழியில் வேன் கொண்டுவந்தால் சாலை முழுக்க ஓட்டக்காரர்கள் இருப்பார்கள், வண்டி நகராது. இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜாவையும், ‘அவர்கள்’ என்று இந்துக்களையும் ஏசுவதற்காக ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் குழுக்கள் உண்டு. அந்தத் தண்டனையின் காரணம் பற்றி வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடும் உண்டு. தன்னைக் காவல் காத்த சிப்பாய்களோடு இணக்கமாய்ப் பேசியவர் என்றுதான் மரபு தேவசகாயத்தை நினைவில் வைத்திருக்கிறது. அவர் பெயரால் பக்கத்து வீட்டாரைப் புண்படுத்துவது அவருக்கு மரியாதை ஆகாது.

பத்மநாபபுரத்தில் அரண்மனையைச் சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் பிடிக்கும், திங்கட்கிழமை விடுமுறை. யாத்திரைக்கு அதைவிட முக்கியம் அங்குள்ள நீலகண்டசுவாமி கோவில். கருவூலப் பொறுப்போடு அவர் வேலை பார்த்த இடம் அது. பொக்கிஷச் சாவி கையில் இருந்தவர், அரண்மனைக்கு வேண்டியவர், கௌரவமான நாயர் குடும்பம். அவர் எதை விட்டு வந்தார் என்பது அந்தக் கல் மண்டபத்தின் எதிரில் நின்றால் புரியும். வழிபாடு நடக்கும் இடம். வெளியே அமைதியாக நின்று பார்த்தாலே போதும்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் புலியூர்குறிச்சி. உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத பழைய சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு, இறந்த ஆண்டு 1777. கோட்டை வனத்துறைப் பொறுப்பில் உயிரினப் பூங்காவாக இருப்பதால் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். ஆகவே முதலில் கோட்டை, பிறகு முட்டிடிச்சான் பாறை. மாற்றிப் போனால் கோட்டைக் கதவு சாத்தியிருக்கும்.

முட்டிடிச்சான் பாறையில் சற்று நேரம் உட்கார வேண்டும். எருமை மேல் பின்னோக்கி உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக இழுத்து வந்தவர்கள், தாகம் என்றதும் தேங்காய்க் கதம்பை (மட்டை) ஊறிக் கிடந்த நாற்றத் தண்ணீரைக் கொடுத்தார்கள் என்கிறது மரபு. அவர் செபித்து முழங்கையால் பாறையில் இடிக்க, நீர் சுரந்ததாம். அந்தச் சிறு குழியின் தண்ணீரைத்தான் இன்றும் பக்தர்கள் எடுத்துப் போகிறார்கள். குழி சின்னது, வருகிறவர்கள் நிறைய. ஐந்து லிட்டர் கேனோடு வருபவர்களால் பின்னால் நிற்பவர்களுக்குக் கலங்கல்தான் மிஞ்சும். 100 மில்லி பாட்டில் ஒன்று ஒரு வீட்டுக்குத் தாராளம். கையை உள்ளே விட்டு அலசாமல், சிறு கிண்ணத்தால் மேலாக மொண்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் குடிக்கக் கொடுப்பதானால் கொதிக்க வைத்துக் கொடுங்கள். அதனால் விசுவாசம் குறைந்துவிடாது.

பெருவிளை நாகர்கோவிலை ஒட்டியே இருக்கிறது. வேப்பமரத்தில் கட்டி வெயிலிலும் மழையிலும் அவரை விட்டிருந்த இடம் என்கிறார்கள். முதல் நாளின் கடைசி நிறுத்தமாக இதை வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் செபமாலை சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குள் புறப்பட்டால் காவல்கிணறு வழியாக வடக்கன்குளம். இயேசு சபைக் குரு புத்தாரி, ஊர்க்காரர் வாயில் பரஞ்சோதிநாதர், நீலகண்டனுக்கு ‘லாசர்’ என்று பெயரிட்டார். அதன் தமிழே தேவசகாயம். மனைவி பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார். கணவர் இறந்தபின் இந்த ஊரிலேயே வாழ்ந்து இங்கேயே மறைந்தார். யாத்திரை வருபவர்கள் இந்த அம்மாளை அநேகமாக மறந்துவிடுகிறார்கள். சொந்த ஊரையும் உறவையும் இழந்து வேற்றூரில் விதவையாக விசுவாசத்தைக் காத்தது சின்ன காரியமா? பெண்கள் குழுவாக வந்தால் இந்த ஊருக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

இதே வடக்கன்குளத்துக்கு இன்னொரு முகம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கட்டிய திருக்குடும்பக் கோவில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கைகளாகப் பிரிந்தது: ஒரு சாதிக்கு ஒரு கை, மற்றவர்களுக்கு மறு கை, நடுவில் தடுப்பு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பழகியதற்காகவே சொந்தக்காரர்களின் கோபத்துக்கு ஆளான ஒருவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில், நூறு வருஷம் கழித்து இப்படி ஒரு கட்டடம்! புனிதர் பட்டத்தின்போது அவர் பெயரிலிருந்து ‘பிள்ளை’யை நீக்கியதற்கும் இதுதான் பின்னணி. திருமுழுக்கு ஏட்டில் பெயர் மாறுவதும் ஆள் மாறுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அன்பியத்திலிருந்து (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழு) வேன் பிடிக்கும்போதே இதைக் கவனியுங்கள். சொந்தபந்தம் மட்டும் ஒரு வண்டி, மற்றவர்கள் இன்னொரு வண்டி என்று பிரிந்தால் யாத்திரை வீட்டு வாசலிலேயே கெட்டுவிடும். இருக்கைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், மதியச் சோற்றை ஒரே அண்டாவில் ஆக்குங்கள். வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கட்டிவரும் பொட்டலம் வேண்டாம்.

மதியம் ஆரல்வாய்மொழிக்குப் போய்விட்டாலும் உடனே காற்றாடிமலை ஏறாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவது வழக்கம். பன்னிரண்டு முதல் மூன்று வரை பாறை கொதிக்கும், உள்ளங்கால் கொப்புளித்துவிடும். நாலு மணிக்கு மேல் ஏறுங்கள். சர்க்கரை நோயாளிகள் காலுறை போட்டுக்கொள்ளட்டும். அவர்களில் பலருக்குச் சூடு தெரியாது, புண்தான் பிறகு தெரியும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் தேவைப்படும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்த மாதங்களில் மெழுகுதிரி நிற்காது. கண்ணாடிக் கூண்டு விளக்கு இல்லையென்றால் திரியைக் கோட்டாறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேலே அவர் முழங்காலிட்டு செபித்ததாகச் சொல்லும் பாறையும், சுடப்பட்ட இடமும், மணியடிச்சான் பாறையும் இருக்கின்றன. அவர் இறந்த நேரத்தில் பாறைத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்து மணிபோல ஒலித்ததாம். சின்னக் கல்லால் மெதுவாக ஒருமுறை தட்டினாலே ‘டங்’ என்று கேட்கும். பெரிய கல்லைத் தூக்கி ஓங்கி அடித்தால் ஓசை கூடாது, பாறைதான் சிதையும். கீழே திருப்பலி நடக்கும்போது தட்டவே வேண்டாம்.

திருப்பலி நேரத்தை மூன்று இடத்தில் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். நட்டாலம் குழித்துறை மறைமாவட்டம், வடக்கன்குளம் தூத்துக்குடி மறைமாவட்டம், ஆரல்வாய்மொழியும் கோட்டாறும் கோட்டாறு மறைமாவட்டம். குருவானவரை உடன் அழைத்து வருவதானால் பங்குத்தந்தைக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஜனவரி 14 திருநாளன்று வர விரும்பினால் அது பொங்கலோடும் சபரிமலை மகரவிளக்கோடும் மோதும்; நாகர்கோவிலில் அறையும் கிடைக்காது, பேருந்தில் இடமும் கிடைக்காது. பிப்ரவரி நடுவில், சிவராத்திரியை ஒட்டாத நாட்களாகப் பார்த்து வருவது நிம்மதி.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில், பீடத்துக்கு முன்னே அவரை அடக்கம் செய்தார்கள். டிசம்பர் 3-ல் முடியும் பத்து நாள் திருவிழாவின்போது கல்லறை அருகே நிற்கவே இடமிருக்காது. மற்ற நாட்களில் மாலைப் பூசைக்குப் பின் தாராளமாக உட்காரலாம். ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்) பெற விரும்புபவர்கள் பூசைக்கு அரை மணி முன்பே வந்துவிடட்டும், முடிந்தபின் சாமியாரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். நாகர்கோவில் வடசேரி நிலையத்திலிருந்து பேருந்தில் போகிறவர்கள், வண்டி ஆரல்வாய்மொழியில் நிற்குமா என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; இடைநில்லா வண்டிகள் அங்கே நிற்பதில்லை. ரயிலில் திரும்புபவர்களுக்குக் கவலையில்லை: நாகர்கோவில் சந்திப்பு கோட்டாறிலேயே இருக்கிறது, ஆட்டோவில் சில நிமிடம்.