மரத்தை மூடிய பனி

நேற்று விடியற்காலை, ஏற்காட்டில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் விருட்சாசனம் செய்துகொண்டிருந்தேன். ஒற்றைக்காலில் நிற்கும்போது பார்வையை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். எதிரே காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் ஒன்றைப் பார்த்தபடி நின்றேன். திடீரெனப் பனி வந்து மரத்தை மூடியது. தடுமாறிக் காலை ஊன்றிவிட்டேன். கண்ணும் உள்காதும் பாதமும் சேர்ந்துதான் நம்மை நிற்க வைக்கின்றன. அதில் ஒன்று போனதும் உடல் கலங்கிவிடுகிறது.

அப்படியே உட்கார்ந்து அழுதேன். அப்பா போன இந்த ஏழு மாதங்களாகத் தம்பியிடம் நான் எரிந்து விழுவது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. நான் பார்த்து நின்ற மரம் அப்பா.

யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொன்ன ஐந்து நியமங்களில், அதாவது தன்னொழுக்கங்களில், நான்காவது சுவாத்தியாயம். நூல் ஓதுதல் என்றும், தன்னைத்தானே படித்தல் என்றும் அதற்குப் பொருள் சொல்வார்கள். இத்தனை ஆண்டுகளாக ஆசனத்தை முதுகுவலிக்காகவே செய்துவந்தேன். அது என்னையே எனக்குப் படித்துக் காட்டும் என்று நினைத்ததில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கும்வரை பஸ்ஸில் வாய் திறக்கவில்லை. சேலம் வந்ததும் நேராக அம்மாப்பேட்டைக்குப் போனேன். தம்பி கதவைத் திறந்து, “சாப்பிட்டாயா அக்கா?” என்றான்.