.179

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஆரோன் ஜட்ஜின் பழைய வீடியோ ஒன்று இன்று மதியம் கண்ணில் பட்டது. 2016 ஆகஸ்ட் 13, நியூயார்க் யாங்கீஸ் அணியின் யாங்கி ஸ்டேடியம். பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் முதன்முறையாக மட்டை பிடிக்கிறார். பந்து நேராக மைதானத்தின் நடுப்பக்கமான சென்டர் ஃபீல்டைத் தாண்டிப் பறக்கிறது. ஹோம் ரன், கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி!

அவருக்குச் சற்று முன்னால் ஆடிய டைலர் ஆஸ்டினும் அன்றுதான் அறிமுகம். அவரும் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன்.

ஆனால் அதன்பின் வந்த வாரங்களை யாரும் வீடியோவாகப் பகிர்வதில்லை. அந்த சீசனில் ஜட்ஜ் 84 முறை மட்டை பிடித்து 42 முறை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தைச் சரியாக அடிக்காமலேயே அவுட். சரிபாதி! மட்டையடி சராசரி .179, அதாவது பத்தில் இரண்டு முறைகூட வெற்றிகரமாக அடிக்கவில்லை.

அந்த எண்ணைத் தன் போனில் குறித்து வைத்து, அடுத்த சீசன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். எனக்கு ஹோம் ரன்களைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. அவமானத்தை நாமெல்லாம் அழிக்கத்தானே பார்க்கிறோம்?

பொறுமை அவருக்குப் புதிதல்ல. ஆசிரியத் தம்பதி தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. 2010இல் பள்ளி முடித்ததும், மேஜர் லீக் அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களை எடுக்கும் தேர்வில், ஓக்லாண்ட் அணி 31ஆவது சுற்றில் அவரைத் தேர்வு செய்தது. போகவில்லை. ஃபிரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூன்றே ஆண்டுகளில், 2013இல், யாங்கீஸ் அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. அந்த வயதில் வந்த வாய்ப்பை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

.179ஐப் பார்த்துக்கொண்டே ஆடிய 2017இல் அவர் அடித்தவை 52 ஹோம் ரன்கள். அறிமுக வீரர்களில் அதுவரை எவரும் தொடாத எண்ணிக்கை.