ராத்திரி எடுத்த ரத்தம் வீண்

இடுப்பெலும்புக்கு மேலே சுண்டைக்காய் அளவில் ஒரு முடிச்சு. வலியே கிடையாது. வலிக்காததால்தான் எட்டு மாதம் ஏமாந்தேன். வேலை கேமரூனில், சனாகா ஆற்றங்கரையில். முதல் டாக்டர் அழுத்திப் பார்த்து, "கொழுப்புக் கட்டி" என்றார். தூங்கவிடாத அரிப்புக்குச் சொறிசிரங்குக் களிம்பு கொடுத்தார்.

அடுத்த கிளினிக்கில் ஃபைலேரியா என்ற நூல்புழு நோய்ச் சந்தேகம். ராத்திரி பதினொரு மணிக்கு வரச்சொல்லி ரத்தம் எடுத்தார்கள். "ஒன்றுமில்லை." இதை நினைத்தால் இன்னும் எரிகிறது. ராத்திரி ரத்தம் யானைக்கால் புழுவுக்குத்தான். எனக்கு இருந்தது ஆற்று ஈ கடித்து வரும் ஆங்கோசெர்கா என்ற புழு. அதன் குஞ்சுகள் இருப்பது தோலில். ரத்தத்தில் தேடிப் பயனில்லை.

இதற்கிடையில் கூட வேலை பார்க்கும் அண்ணன், "நம்ம ஊர்ல எல்லாருக்கும் குடுக்குற யானைக்கால் மாத்திரைதான தம்பி, போட்டுக்கோ" என்று டிஇசியை நீட்டினார். நல்லவேளை, போடவில்லை. இந்தப் புழு இருக்கும்போது அதைப் போட்டால் குஞ்சுகள் மொத்தமாகச் செத்து, கண்ணையே கெடுத்துவிடலாம். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நர்ஸம்மா முடிச்சைத் தொட்டதுமே, "ஆத்துப் பக்கம் வேலையா?" என்று கேட்டார். ஊசி முனையால் தோலைத் தூக்கி, பிளேடால் அரிசி நொய் அளவுக்குச் சீவினார். இரண்டு இடுப்பிலும் ஒவ்வொன்று. ரத்தம் கசியக்கூடாது, கசிந்தால் ரத்தத்தில் இருக்கும் வேறு புழு கலந்து குழப்பிவிடும். சீவியதை உப்புநீரில் போட்டார்கள். அரை மணி நேரத்தில் லேப்காரர் "இல்லை" என்று எழுதிவிட்டார். எனக்கு உடம்பே தளர்ந்துபோனது. "நாளைக்குக் காலையில மறுபடி பாருங்க" என்று நர்ஸம்மா விடவில்லை. மறுநாள் நானே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நூல் இழை மாதிரி மூன்று, நெளிந்துகொண்டிருந்தன. புழுவைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை. உங்களுக்கும் அரை மணியில் "இல்லை" என்றால், 24 மணி நேரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தப் புழுவுக்கான ஐவர்மெக்டின் மாத்திரையை உடனே தரவில்லை. அந்தப் பக்கம் லோவா லோவா என்ற கண்புழுவும் உண்டு. அது ரத்தத்தில் நிறைய இருக்கும்போது ஐவர்மெக்டின் போட்டால் மூளையைப் பாதிக்கும். அதற்கான ரத்தத்தைப் பகல் 10 மணியிலிருந்து 2 மணிக்குள் எடுக்க வேண்டும். இது தெரியாமல் வேலை முடித்து நாலு மணிக்குப் போனேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் லீவு போட்டுப் போனேன். லோவா இல்லை.

கண்ணிலும் புழு ஏறவில்லை என்று கண் டாக்டர் சொன்ன பிறகு மாத்திரை போட்டேன். அது குஞ்சுகளைத்தான் கொல்லும். தாய்ப்புழு முடிச்சுக்குள் பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட உயிரோடு இருக்கும். அதனால் ஆறு மாதம் கழித்து அடுத்த டோஸ். முடிச்சு இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது. அரிப்பு விட்டுவிட்டது.