ஞாயிற்றுக்கிழமை நாலு மணி

நாலு மணி ஆகி ஒரு நிமிஷம்கூட இருக்காது. இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில் அந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்துவிட்டார். உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது, ஆட்கள் பில் போட நிற்கிறார்கள். "சாரி மேட், வீ ஆர் க்ளோஸ்ட்." மதுரைக்காரனிடம், அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு!

நம்மூரில் கடை நேரத்தை யார் கேட்டார்கள்? ஷட்டர் பாதி இறங்கியிருந்தாலும் குனிந்து "அண்ணே, அரை லிட்டர் பால்" என்றால் சலித்துக்கொண்டே எடுத்துத் தருவார். மாட்டுத்தாவணிப் பக்கம் நடுராத்திரியிலும் பரோட்டாக் கல் சூடாக இருக்கும்.

இங்கே இது சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை, ஞாயிறன்று காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் இடையில் தொடர்ந்து ஆறு மணி நேரம்தான் விற்கலாம். 1994இல் வந்த ஏற்பாடு. சில கடைகளில் அரை மணி முன்பே கதவைத் திறந்துவிடுவார்கள், பில் மட்டும் போட மாட்டார்கள். தள்ளுவண்டியை நிரப்பிக்கொண்டு, சொர்க்கவாசல் திறக்கக் காத்திருப்பதுபோல சனம் கவுண்டர் முன் நிற்கும்.

அதனால் இப்போதெல்லாம் போன் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். "வாட் இஸ் யுவர் ஷாப் டைமிங்" எல்லாம் இங்கே வேண்டாம். "ஹாய், வாட் டைம் ஆர் யூ ஓபன் டில் டுடே?" போதும். அரசு விடுமுறை என்றால் "ஆர் யூ ஓபன் ஆன் பேங்க் ஹாலிடே மண்டே?" பப்பில் "ஆர் யூ ஸ்டில் டூயிங் ஃபுட்?" என்று முதலில் கேட்டுவிட வேண்டும், பப் திறந்திருக்கும், அடுப்பு எப்போதோ அணைந்திருக்கும். அடைப்பதற்குப் பத்து நிமிஷம் முன் நுழைந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நம் காலடியிலேயே தரையைத் துடைக்க ஆரம்பிப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, பழகிவிட்டது. ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய கடைகள் திறக்கவே கூடாது என்பதுகூட மனப்பாடம். ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் என்றால் அப்பாவோடு டவுன்ஹால் ரோட்டில் இடிபட்டு நடந்ததும், கூட்டத்தில் செருப்பு அறுந்ததும், அதை அங்கேயே உட்கார்ந்து தைத்ததும், அப்புறம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்ததும்தான். இங்கே அந்த நேரத்துக்குக் கடைத்தெருவே காலி.

நல்லவேளை, சின்னக் கடைகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. தெருமுனைக் கடை யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவருடையது. அவரிடமும் இங்கிலீஷில்தான் கேட்டேன். "பதினொரு மணி வரைக்கும் திறந்திருக்கும் தம்பி. இந்தியாவோ?" என்றார். விலை கொஞ்சம் கூடத்தான். அதைச் சொன்னால், "ஞாயிற்றுக்கிழமை வேறை எங்கை போகப் போறியள்?" என்று சிரிக்கிறார்.