வளவில் விழும் இலை

காரைக்குடியில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக இரண்டு நாள் இலக்கிய மாநாடும் படைப்பெழுத்துப் பயிற்சியும் நடக்கவிருப்பதாகச் சுற்றறிக்கை வந்த அன்று, அதைப் பதினோராம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "படைப்புக்கு எதுக்கும்மா எழுதணும்? சமைச்சு இலை போட்டு விழுந்து கும்புடத்தானே செய்வாங்க?" என்று கேட்டான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. கானாடுகாத்தானைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் படைப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். நகரத்தார் குடும்பங்கள் தங்கள் முன்னோரை நினைத்துப் பங்காளிகளோடு கூடி, புதுத்துணி வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் பரிமாறி வணங்குகிற சடங்குக்கு அந்தப் பெயர். சமையலுக்கும் பந்திக்கும் கை கொடுக்கப் போகிற மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல் பழக்கமானது. இல்லாததை உண்டாக்குவதற்கும், உள்ளதை ஒருவர் முன்னே வைப்பதற்கும் தமிழ் 'படைத்தல்' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதைப் பத்தொன்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நான் அன்றுவரை நின்று யோசித்ததில்லை. மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு இதற்குப் பதில் சொல்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

பள்ளிகளிலிருந்து இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு யாரை அனுப்புவது என்பதில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. பேச்சுப் போட்டியிலும் கட்டுரைப் போட்டியிலும் ஏற்கெனவே பரிசு வாங்கிய மூன்று நான்கு பேரே எல்லாவற்றுக்கும் போய்வருவார்கள். நானும் அதையே செய்துவந்திருக்கிறேன். கட்டுரை என்றால் முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை என்று சட்டகம் கொடுத்து, எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற மேற்கோள்கள் பத்தை மனப்பாடம் செய்யவைத்து அனுப்பினால் பரிசு நிச்சயம். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மரம் வளர்ப்பைப் பற்றி எழுதினாலும் தாய்மொழியைப் பற்றி எழுதினாலும் அவர்களுடைய வாக்கியங்கள் ஒரே மாதிரி இருந்ததற்குக் காரணம் நான் கொடுத்த சட்டகம்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை ஒன்பது பேரை அழைத்துப் போனேன். அவர்களில் ஐந்து பேர் மேடையேறியதே இல்லை.

சனிக்கிழமை காலைப் பேருந்து கோட்டையூரைக் கடக்கும்போது, நாள்தோறும் அவ்வழியே போய்வரும் பிள்ளைகளிடம் ரோஜா முத்தையாவைத் தெரியுமா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், பழைய நூல்களோடு நாடக விளம்பரங்களையும் திருமண அழைப்பிதழ்களையும் கடிதங்களையும்கூடத் தேடித்தேடிச் சேர்த்து இந்தச் சின்ன ஊரில் வைத்திருந்தார் என்பதையும், 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது என்பதையும் சொன்னேன். "கல்யாணப் பத்திரிகையைக்கூடவா வச்சிருந்தாரு?" என்று ஒருத்தி வியந்தாள். எழுதப்பட்ட எதுவும் அற்பமில்லை என்று ஒரு மனிதர் நம்பியதை, நான் தயாரித்து வந்த எந்த அறிவுரையையும்விட அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

தொடக்க விழாவில் பேசியவர்கள் அனைவரும் காரைக்குடியின் இலக்கியப் பெருமையை எடுத்துரைத்தார்கள். 1917-இல் தோன்றிய இந்து மதாபிமான சங்கம், 1919-இல் அதன் அழைப்பில் பாரதி வந்தது, சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழா, பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் கூடும் கூட்டம் என்று எல்லாம் வந்தன. அத்தனையும் உண்மை, அத்தனையும் பெருமைக்குரியவை. நானே சிறுமியாக என் அப்பா மடியில் இருந்து கம்பன் விழாவில் பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்தவள். சொல்லுக்குச் சொல் வாதிடுகிற அந்த மேடைதான் என்னைத் தமிழ் படிக்க அனுப்பியது. ஆனாலும் அன்று அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. இந்த மண் தமிழைக் கேட்கவும் பேசவும் பிள்ளைகளுக்கு ஏராளமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது. உன்னுடையதை நீ எழுது என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் தாளைக் கொடுத்த தருணங்கள் அதற்கு ஈடாக இல்லை. அந்தக் குறையை இந்த மாநாட்டின் பிற்பகல் அமர்வுகள் ஓரளவு தீர்த்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் பிற்பகல், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண் எழுத்தாளர் இருபது பேரை ஓர் அறையில் வட்டமாக உட்காரவைத்துப் புறநானூற்றின் 112-ஆம் பாடலை இரண்டு முறை சொன்னார். பாரியின் பெண்மக்கள் பாடிய ஐந்தே அடிப் பாட்டு. பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே போய்வந்த பிள்ளைகள் அந்த அறையிலும் இருந்தார்கள். "அந்தப் பெண்களுக்கு அப்பா போய்விட்டார், மலை போய்விட்டது, நாடு போய்விட்டது. அழுதோம் என்று எங்கேயாவது சொல்கிறார்களா, பாருங்கள்" என்றார். பிள்ளைகள் தேடினார்கள். துன்பம், அழுகை, கண்ணீர் என்ற பொருள் தரும் ஒரு சொல்லும் அதில் இல்லை. அன்றைய நிலவு, இன்றைய நிலவு, அன்று இருந்தவை, இன்று இல்லாதவை, அவ்வளவுதான். இந்தப் பாட்டை எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். திணை, துறை சொல்லி, கையறுநிலைக்கு விளக்கம் சொல்லி, 'அவலச் சுவை ததும்பும் பாடல்' என்று எழுதவைத்திருக்கிறேன். அந்தச் சுவை எதனால் வருகிறது என்று இவ்வளவு எளிமையாக ஒருநாளும் காட்டியதில்லை. பிறகு அவர், "உங்கள் வீட்டில் அன்று இருந்தது எது, இன்று இருப்பது எது? வருத்தம் என்ற சொல் வராமல் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை.

என் மாணவிகளில் ஒருத்தியின் குடும்பம் ஒரு பெரிய வீட்டைக் காவல் பார்க்கிறது. வீட்டுக்காரர்களில் ஒரு கிளை சென்னையில், ஒரு கிளை மலேசியாவில். வீட்டின் நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு மகனின் பங்கு என்பதால் அவரவர் அறைச் சாவி அவரவரிடம் இருக்கிறது. முகப்பும் பட்டாலையும் வளவும் இரண்டாங்கட்டும் கூட்டித் துடைப்பது இவர்கள் வேலை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டிலேயே வளர்ந்த பெண், அதன் பாதி அறைகளின் உட்புறத்தைப் பார்த்ததில்லை. அவள் முதலில் எழுதிய தாளை எட்டிப் பார்த்தேன். 'செட்டிநாட்டு மாளிகைகள் நம் பண்பாட்டின் கலைக்கருவூலங்கள்' என்று தொடங்கியிருந்தாள். அது என் வாக்கியம். போன ஆண்டு மரபுச் சின்னங்கள் பற்றிய கட்டுரைக்கு நான் எழுதிப்போட்டது. அந்த எழுத்தாளர் அவள் அருகில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, "இந்த வீட்டில் உனக்கு என்ன வேலை?" என்று மட்டும் கேட்டார். "கூட்டுறது" என்றாள். "எதைக் கூட்டுவாய்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து அவள் வாசித்தது இதுதான்:

அன்றைக்கு இந்த வளவில் ஒரு பந்திக்கு நூறு இலை விழும் என்பாள் அப்பத்தா.
இன்றைக்கும் இலை விழுகிறது, பக்கத்து வேம்பிலிருந்து.
நான் கூட்டுகிறேன்.

அவள் வாசித்து முடித்த பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை. விருந்தின் அளவை இலைக் கணக்கில் சொல்வது எங்கள் எல்லார் வாயிலும் புழங்குகிற வழக்கு. அந்த வழக்கையும் காலடியில் கிடக்கும் சருகையும் ஒரே சொல்லில் சேர்த்துப் பிடிக்க அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சிலேடை என்று அணியிலக்கணத்தில் நான் நடத்தியபோது அவள் அதை விளக்கத்தோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் இது அங்கிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கையில் விளக்குமாற்றோடு நிற்கும்போது அப்பத்தா சொல்லக் கேட்டதிலிருந்து வந்தது.

இரண்டாம் நாள் காலை நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படைப்பைப் பற்றிக் கேள்வி கேட்ட அந்த மாணவனின் தந்தை கொத்தனார். இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து வாசல் நிலைகளையும் தூண்களையும் சேதமில்லாமல் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கும் போவார். அவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேரும். விடுமுறையில் தந்தையோடு போன ஒரு நாளைப் பற்றி அவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அதில் தந்தை சொல்வதாக, 'நிலைய மெதுவாப் பேத்து எடுடா, அதுல லெட்சுமி இருக்கு' என்று ஒரு வரி. கருத்துரை சொல்ல வந்த ஒருவர் அந்த வரியில் நின்று, 'பெயர்த்து' என்று எழுதத் தெரியாதவர்கள் இலக்கியம் எழுத வரக்கூடாது, கொச்சையை எழுதுவது மொழிக்குச் செய்யும் தீங்கு என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிற்பகல் வரை பேனாவைத் தொடவில்லை.

இலக்கணம் என் பிழைப்பு. ஒற்றுப் பிழையைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த உரிமையோடு சொல்கிறேன், அவர் சொன்னது தவறு. அந்தச் சிறுவன் தன் குரலில் எழுதிய இடங்களில் எல்லாம் செந்தமிழில்தான் எழுதியிருந்தான். 'நிலையைப் பெயர்த்து எடுத்தோம்' என்றே இரண்டு வரி தள்ளி அவனுடைய வாக்கியம் இருந்தது. தந்தையின் வாயில் மட்டுமே 'பேத்து' என்ற சொல்லை வைத்திருந்தான். எது தன் சொல், எது தந்தையின் சொல் என்று பிரித்தறிந்து எழுதியிருக்கிற பிள்ளையைப் பாராட்டியிருக்க வேண்டும். கடப்பாரை முனை சுண்ணாம்புக்குள் இறங்குகிற ஓசை அந்தச் சொல்லில் இருக்கிறது. திருத்திய சொல்லில் அது இல்லை. இதை அந்த அமர்விலேயே எழுந்து சொல்லாமல், உணவு இடைவேளையில் அவனிடம் தனியாகச் சொன்னதற்காக இன்றுவரை வருந்துகிறேன். எல்லார் முன்னிலையிலும் பட்ட அடிக்கு மருந்தும் எல்லார் முன்னிலையிலும் கிடைத்திருக்க வேண்டும்.

அவனை மீட்டது என் ஆறுதலன்று, கடைசி அமர்வு. பாரதி 1919-இல் காரைக்குடி வந்தபோது கையில் தடியோடு எடுத்துக்கொண்ட நிழற்படத்தைத் திரையில் காட்டி, படத்தில் இல்லாத ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பெரும்பாலோர் படம் எடுத்தவரைப் பற்றி எழுதினார்கள். இவன் அந்தத் தடியைச் செதுக்கிய தச்சரைப் பற்றி எழுதினான். தச்சர் தம் மகனிடம் பேசுகிற பேச்சு முழுவதையும் ஊர்ப்பேச்சிலேயே எழுதியிருந்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கு வந்ததும் ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு கையெழுத்து இதழ் தொடங்க அனுமதி கேட்டார்கள். தலைமையாசிரியர் மறுக்காமல் நூலக அறையில் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். 'கொத்தனார் மகன்' என்ற தலைப்போடு அந்த ஒன்றரைப் பக்கம் முதல் இதழின் முதல் பக்கத்தில் வந்தது, 'பேத்து' உட்பட. நான் எங்கும் பேனா வைக்கவில்லை.

பூட்டிய வீட்டைப் பற்றி அந்தப் பெண் மூன்று வரியை எட்டுப் பக்கக் கதையாக வளர்த்திருந்தாள். ஆனால் இதழில் சேர்க்க ஒப்பவில்லை. வீடு ஆச்சியுடையது, அவர்களைக் கேட்காமல் போடமாட்டேன் என்றாள். சென்ற மாதம் படைப்புக்காக வீட்டுக்காரர்கள் அனைவரும் ஊருக்கு வந்திருந்தார்கள். படைப்பு முடிந்த மறுநாள் காலை, எண்பது வயதைத் தாண்டிய அந்த ஆச்சி முகப்புத் திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டுப் பக்கத்தையும் படித்தாராம். இவள் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள்.

"ஏழு அறைக்கு ஏழு சாவின்னு எழுதியிருக்கியே ஆத்தா, தப்பு. எட்டு. மேக்கால இருக்குற அறைக்கு ரெண்டு" என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். ஒன்று ரங்கூனிலிருந்து ஐயா திரும்பிவரவில்லை என்று தெரிந்த அன்று செய்யச் சொன்னதாம். அந்த இரண்டாவது சாவியின் கதையைச் சொல்லி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதாம். அதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு பக்கம் தாண்டியிருக்கிறது.