வானிலைத் தாளும் ஓரலும்: திருத்தாத அமுக்கத்தைச் சொல்லாதேங்கோ

பெறுபேறு வந்துவிட்டது. வானிலைப் பகுதிதான் மற்றப் புள்ளிகளையும் தாங்கிப் பிடித்திருக்கிறது என்ற நிம்மதியோடு, சூடு ஆறமுன் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து டெக் ஒபிசர் (கப்பலைச் செலுத்தும் அதிகாரி) பரீட்சைக்குப் போகிற அடுத்த தொகுதித் தம்பி, தங்கச்சிமாருக்கு இது. தாள் எப்படி வரும், ஓரலில் (வாய்மொழித் தேர்வில்) யார் எங்கே இருப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்; அதை விடுகிறேன்.

முதலும் முக்கியமும் பரோமீற்றர், அதாவது காற்றின் அமுக்கத்தை அளக்கும் கருவி. மற்ற எல்லாவற்றையும் அரைகுறையாகப் படித்தாலும் இதை முழுதாகப் படியுங்கோ.

வெப்பவலயக் கடலில் புயல் எதுவும் இல்லாமலே அமுக்கம் ஒரு நாளில் இரண்டு தரம் ஏறி இறங்கும். உள்ளூர் நேரம் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் கிட்ட உச்சம். விடிய 4 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் கிட்ட அடி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 ஹெக்டோபஸ்கல் (அமுக்கத்தின் அலகு; கீழே வரும் அமுக்க எண்கள் எல்லாம் இதில்தான்). சூறாவளியைச் சந்தேகிக்கச் சொல்லும் விதியிலும் அதே 3தான் இருக்கிறது: அந்தப் பருவத்தின் சராசரியிலிருந்து 3 குறைந்தால் சந்தேகி; 5 குறைந்தால் சந்தேகமே இல்லை, மையம் ஏறக்குறைய 200 கடல் மைலுக்குள் இருக்கிறது. ஆகவே திருத்தாத எண்ணை வைத்து விடை சொன்னால், இல்லாத சூறாவளிக்குப் பயந்து ஓடுவீர்கள், அல்லது இருக்கிற சூறாவளிக்குள் நேரே போவீர்கள்.

கணக்காகப் பார்ப்போம். நவம்பர், தெற்கு வங்காள விரிகுடா. காலநிலை அட்லஸ் அந்த இடத்துச் சராசரி 1011 என்று காட்டுகிறது என்று வையுங்கோ. பரோமீற்றர் கடல் மட்டத்திலிருந்து 25 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கருவிப் பிழை பூச்சியம்.

பின்னேரம் 4 மணி, வாசிப்பு 1004.0. உயரத் திருத்தம் மீற்றருக்கு ஏறக்குறைய 0.11, ஆக 2.8 கூட்டினால் 1006.8. அந்த நேரம் நாளின் அடி என்பதால் இன்னும் 1.5 கூட்ட 1008.3. சராசரியிலிருந்து 2.7தான் குறைவு. விழிப்பாக இருக்க வேண்டும், ஆனால் எல்லை தாண்டவில்லை. திருத்தாமல் பார்த்தவருக்கு 7 குறைவு!

காலை 10 மணி, வாசிப்பு 1006.2. உயரத்துக்கு 2.8 கூட்டி 1009.0. இப்போது நாளின் உச்சம், 1.5 கழிக்க வேண்டும்: 1007.5. குறைவு 3.5. உயரத்தை மட்டும் திருத்தி நிறுத்தியவருக்கு 2.0 என்று தெரியும். அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். முதல் வாசிப்பை விட எண் கூடத்தான், ஆனால் ஆபத்து இங்கேதான். தேர்வாளர்கள் பெரும்பாலும் காலை 10 மணி வாசிப்பைக் கொடுப்பது இதற்காகத்தான் என்பது என் கருத்து.

கூட்டலா கழித்தலா என்று மனப்பாடம் செய்யாதேங்கோ. தாளின் ஓரத்தில் இரண்டு மேடு, இரண்டு பள்ளம் உள்ள ஒரு வளைகோட்டை வரைந்து நேரத்தைக் குறியுங்கோ. உங்கள் நேரம் மேட்டில் என்றால் வெட்டு, பள்ளத்தில் என்றால் நிரப்பு. நேரம் கப்பல் இருக்கும் நெட்டாங்கின் உள்ளூர் நேரம். தாளில் யூரிசி (உலகப் பொது நேரம்) கொடுத்திருந்தால் முதலில் மாற்றுங்கோ.

அடுத்தது மையம் எங்கே என்ற கேள்வி. உண்மைக் காற்றைப் பார்த்து நில்லுங்கோ (தோற்றக் காற்றை அல்ல, கப்பலின் வேகத்தைக் கழித்து முக்கோணம் வரைந்த பிறகு). வட அரைக்கோளத்தில் மையம் உங்கள் வலது பக்கம், புயல் 200 மைலளவு தூரத்தில் இருக்கும்போது 100 முதல் 125 பாகைக்குள். பருத்தித்துறைக்குக் கிழக்கே நிற்கிறீர்கள், காற்று 045 பாகையிலிருந்து, அதாவது வடகிழக்கிலிருந்து, வருகிறது என்றால் மையம் 145க்கும் 170க்கும் இடையில், தென்கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவே. புயல் மேற்கே நகர்ந்து உங்களுக்குத் தெற்கால் கடந்தால் காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று வலஞ்சுழியாகத் திரும்பும். அதாவது நீங்கள் வலது அரைவட்டத்தில் (புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால் அதன் பாதைக்கு வலது பக்கம்), ஆபத்தான பக்கத்தில். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியபோது யாழ்ப்பாணக் குடாநாடு இருந்தது இந்தப் பக்கம்தான். வரைபடத்தில் அந்தப் பாதையை ஒருதரம் வரைந்து பாருங்கோ. வலதா இடதா என்ற குழப்பம் போய்விடும்.

ஏன் வலது ஆபத்து என்று கேட்டால் மூன்று காரணமும் சொல்ல வேண்டும். காற்றின் வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சேர்கிறது. காற்று கப்பலைப் புயலின் பாதைக்கே தள்ளுகிறது. புயல் வளைந்து திரும்பினால் அதே பக்கம்தான் திரும்பும். ஒன்றோடு நிறுத்துகிறவர்களைத் தேர்வாளர் விடமாட்டார்.

வாயில் வர வேண்டியவை:

- காற்று வலஞ்சுழியாகத் திரும்பினால் வலது அரைவட்டம், இடஞ்சுழியாகத் திரும்பினால் இடது. இது இரண்டு அரைக்கோளத்துக்கும் பொது. மாறுவது எது ஆபத்து என்பது மட்டும்: வடக்கில் வலது, தெற்கில் இடது.
- வடக்கில் ஆபத்தான பக்கம்: காற்றை வலது முன்பக்கத்தில் பிடி, காற்றுத் திரும்பத் திரும்ப வலப்பக்கம் திருப்பு.
- திசை மாறாமல் அமுக்கம் இறங்கினால் பாதையிலேயே நிற்கிறாய்: காற்றை வலது பின்பக்கம் வாங்கி இடது அரைவட்டத்துக்கு ஓடு.
- இடது அரைவட்டம்: காற்று வலது பின்பக்கம், திரும்பத் திரும்ப இடப்பக்கம் திருப்பு.

இந்த விதிகளுக்கு முன்நிபந்தனை ஒன்று உண்டு. காற்றுத் திரும்பும் திசையைக் கப்பலை நிறுத்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும். 14 நொட்ஸில் (மணிக்கு 14 கடல் மைல்) ஓடி, 10 நொட்ஸில் போகும் புயலைப் பின்னாலிருந்து முந்தினால் காற்று எதிர்த்திசையில் திரும்புவதாகத் தோன்றும். இதை யாரும் கேட்காமலே சொல்லுங்கோ. இன்னொன்று: ஓடுவதற்குக் கடல் வேண்டும். பாக்கு நீரிணைக்குள் நிற்கிறவருக்கு இந்த விதிகள் உதவாது. புயலுக்கு முன்கூட்டியே தென்கிழக்கிலிருந்து வரும் நீள அலையும் அங்கே தெரியாது, நிலம் மறைத்துவிடும்.

பருவம் பற்றி அதிகம் வேண்டாம். வங்காள விரிகுடாவில் சித்திரை வைகாசி ஒரு பருவம், ஐப்பசி தொடக்கம் மார்கழி மற்றது. நடுவில் சோழகம் (தென்மேற்குப் பருவக்காற்று) பலமாக வீசும்போது கீழே மேற்குக் காற்றும் உயரத்தில் கிழக்குக் காற்றும் எதிரெதிராக ஓடுவதால் தாழமுக்கம் சூறாவளியாக நிமிர முடிவதில்லை. ஆனால் அதே யூலையில் சொகோத்ரா, சோமாலியக் கரைப்பக்கம் சூறாவளி இல்லாமலே போபோட் அளவில் 8ஆம் விசைக் காற்றுக் கிடைக்கும். சூறாவளி உருவாகக் கடல் வெப்பம் 26.5 பாகைக்கு மேல், அகலாங்கு 5க்கு மேல் என்பவை எல்லாருக்கும் தெரியும்; 5க்குக் கீழே உருவானதுண்டா என்று கேட்டால் 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே வந்த வாமேயைச் சொல்லுங்கோ, ஏறக்குறைய 1.4 பாகை வடக்கு.

முன்னறிவிப்பு வாசிப்பில் புள்ளி போகும் இடங்கள்:

அலை உயரம். அறிக்கையில் வருவது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. 4 மீற்றர் என்றால் இடையில் 8 மீற்றருக்குக் கிட்ட ஒரு தனி அலையை எதிர்பார்க்க வேண்டும்.

காற்று வேகம். புது டில்லி வானிலை மையம் 3 நிமிடச் சராசரி எடுக்கிறது, அமெரிக்கக் கூட்டுச் சூறாவளி எச்சரிக்கை மையம் 1 நிமிடம். ஒரே புயலுக்கு இரண்டாவது எண் கூடுதலாக இருக்கும். இரண்டையும் கலந்து "புயல் பலத்துவிட்டது" என்று எழுதாதேங்கோ. டில்லிப் பட்டியலில் 34 நொட்ஸில் சூறாவளி, 48இல் கடும் சூறாவளி, 64இல் மிகக் கடும் சூறாவளி.

தவிர்க்கும் தூரம். புயலைச் சுற்றி 34 நொட்ஸ் காற்று வீசும் வட்டத்தின் ஆரையோடு, 24 மணித்தியால முன்னறிவிப்புக்கு 100, 48க்கு 200, 72க்கு 300 கடல் மைல் கூட்டு. ஆரை மூன்றிலும் 120 மைலாகவே இருந்தால் 220, 320, 420. பென்சிலால் மூன்று வட்டமும் போட்டு, உங்கள் பாதையின் அதே நேரத்து இடங்களையும் குறித்தால்தான் அது விடை. வட்டம் மட்டும் போட்டால் பாதிப் புள்ளி.

நவ்டெக்ஸ் (கடல் பாதுகாப்புச் செய்திகளை எழுத்தில் தரும் வானொலிச் சேவை) 518 கிலோஹேட்ஸ். ஏ, பி, டி, எல் என்ற நான்கு வகைச் செய்திகளையும் கருவியில் தள்ளிவைக்க முடியாது. வானிலை எச்சரிக்கை பி, முன்னறிவிப்பு ஈ. ஈ-யைத் தள்ளிவைக்கலாம் என்பதால் அது வரவில்லை என்றால் முதலில் கருவியின் அமைப்பைப் பாருங்கோ.

கடைசியாக, சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) 5ஆம் அத்தியாய அபாயச் செய்தி. சூறாவளியைச் சந்தித்தாலும், எச்சரிக்கையே வராமல் 10ஆம் விசைக் காற்றைச் சந்தித்தாலும் கப்டன் அனுப்ப வேண்டும். ஓரலில் மூச்சு விடாமல் சொல்லக்கூடிய ஒழுங்கு இது: யூரிசி நேரமும் திகதியும், இடம், அமுக்கம், கடந்த 3 மணித்தியாலத்தில் அதன் மாற்றம், உண்மைக் காற்றின் திசை, விசை, கடல் நிலை, நீள அலையின் திசையும் காலமும், கப்பலின் போக்கும் வேகமும். புயலின் பிடியில் இருக்கும்வரை முடிந்தால் மணிக்கொரு தரம், எப்படியும் 3 மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது அடுத்த செய்தி. அமுக்கத்தைச் சொல்லும்போது அது திருத்தியதா திருத்தாததா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கோ.